சக்கரம் மனைவிக்குக் காட்டிய ஓட்டல்கள்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று சிலரைச் சொல்வோம். இந்த மனிதரை அப்படிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே பெயராகி, கம்பெனியில் எல்லாருக்கும் இவர் சக்கரம்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

வேலை, காப்பி மெஷின் பழுது பார்ப்பது. ஓட்டல்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான். ஊர் ஊராகப் போய் அதன் வயிற்றைத் திறப்பார், குழாயில் படிந்த உப்பைச் சுரண்டுவார், தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றுவார், ஒரு கப் போட்டுக் குடித்துப் பார்ப்பார். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்.

மெஷின்காரருக்கு எந்த ஓட்டலிலும் பின்வாசல்தான். நாமெல்லாம் மேஜை விரிப்பைப் பார்த்து ஏமாறுவோம். சக்கரம் முதலில் பார்ப்பது பாத்திரம் கழுவும் தொட்டியை. "தொட்டி சுத்தமா இருந்தா சூப் நல்லா இருக்கும்" என்பது அவருடைய வேதம். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேதம் பெரும்பாலும் பொய்க்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் வெளியூர் போனால் அவருக்குத்தான் போன் போடுவார்கள். எந்தத் தெரு, எந்தக் கடை, எந்த மேஜை, எதை வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும்.

வீட்டில் கதை வேறு. வீட்டில் அவர் சாப்பிடுவது ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றபடி. நாலு நாற்காலி போட்ட மேஜை பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு அதில் மனைவி மட்டும் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. வலியோடு வந்து நிலைகொள்ளாமல் அலைகிறவர்களைப் பார்த்து, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதுதான் நாள் முழுக்க உத்தியோகம். எத்தனையோ பேரை உட்கார வைத்தவளால் சொந்தப் புருஷனை மட்டும் உட்கார வைக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போது கம்பெனி ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னது: ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் பதவி காலியாகிறது, இனி அலைய வேண்டாம், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள். வேறொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். சக்கரமோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் சொன்னார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

மனைவி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஊர்கள்ல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன். இந்த சனி ஞாயிறு என்னைக் கூட்டிட்டுப் போங்க. பார்த்துட்டு நான் சரின்னு சொன்னா நீங்க சுத்துங்க, இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா ஒர்க்‌ஷாப்."

கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒப்புக்கொண்டார். ஒரு வாய் போட்டால் ஆளே மயங்கிவிடும் இடங்கள் கையில் எத்தனை இருக்கின்றன!

சனிக்கிழமை காலை, ஆற்றங்கரை கஃபே. பழக்க தோஷம், பின்வாசல் வழியாகவே அழைத்துப் போனார். புதுச் செருப்பு போட்டு வந்தவள் தொட்டிக்குப் பக்கத்து ஈரத்தில் வழுக்கி, அடுக்கி வைத்திருந்த வாளியைப் பிடித்து நின்றாள். "பார்த்தியா, தொட்டி எவ்வளவு சுத்தம்" என்றார் இவர். ஜன்னலோர மேஜை கிடைத்தது. வெளியே ஆறு. இரண்டு காப்பி வந்தது. அவள் கப்பைக் கையில் எடுத்தாள்; இவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கேக்குதா?"

"என்னது?"

"மெஷின் சத்தம். வளையம் தேஞ்சுருச்சு."

"இன்னைக்கு லீவுதானே உங்களுக்கு?"

"ரெண்டே நிமிஷம்."

மெக்கானிக்கின் இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். அவள் தன் காப்பியைக் குடித்தாள். ஆறு ஓடுவதைப் பார்த்தாள். அவர் காப்பியும் ஆறிக்கொண்டிருந்ததால் அதையும் குடித்தாள். கை துடைத்துக்கொண்டு வந்தவர், "எப்படி, காப்பி?" என்றார், தானே போட்ட மாதிரி.

மதியம் மலைப்பாதை ஓட்டல். அங்கே கிடைக்கும் வறுத்த மீனைப் பற்றி பஸ்ஸில் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். அவளும் பாவம், காலையிலிருந்து பசியைச் சேர்த்து வைத்திருந்தாள். அவளை உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எந்திரி, வேணாம். பழைய சமையல்காரர் இல்லை. எண்ணெய் கருப்பா இருக்கு."

"பசிக்குதுங்க."

"அந்தப் பசியை இங்க வீணாக்காதே. பக்கத்துலயே இன்னொரு இடம் இருக்கு."

இன்னொரு இடத்தில் அவர் எல்லாருக்கும் சிபாரிசு செய்யும் மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வேறு மேஜை காலியாக இருந்தது. ஆனால் அடுப்புக்கு எதிர் மேஜையில் சூடாக வாங்கிச் சாப்பிட்டால்தான் அது அதுவாக இருக்குமாம். அதற்கடுத்த கடை பூட்டியிருந்தது. ஊரில் மிச்ச ஓட்டல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன, அவை எதுவும் அவர் கண்ணுக்கு ஓட்டலாகவே படவில்லை. பசி ருசி அறியாது என்று பெரியவர்கள் சொன்னதை யாராவது அவருக்கு அன்று ஞாபகப்படுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில், அழகழகான ஓட்டல்களின் பெயரெல்லாம் தெரிந்த மனிதரும் அவர் மனைவியும் பொட்டலம் பிரித்து பன் தின்றார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்து போயிருந்தார். சுமாரான ஒரு வாய் அவள் நாக்கில் பட்டுவிட்டால் தீர்ந்தது, திங்கட்கிழமை முதல் நாலு சுவருக்குள் ஆயுள் தண்டனை. அந்தப் பயத்தில்தான் நாள் முழுக்க அவளைப் பட்டினி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வாய்ப்பு. அடுத்த ஊர் மைதானத்தில் உணவுக் கண்காட்சி. பந்தல் பந்தலாகக் கடைகள், எல்லா ஊர்ச் சமையல்காரர்களும் அங்கேதான். நீள மேஜை ஒன்றில் அவளை உட்கார வைத்தார்.

"எல்லாத்துலயும் ஒரு வாய் பார்த்துட்டு, எது நல்லதோ அதை மட்டும் உனக்குக் கொண்டு வர்றேன். இடத்தை விட்டுறாதே."

போனார். இந்தக் கடையில் ஒரு ஸ்பூன், அந்தக் கடையில் ஒரு துண்டு. இது நன்றாக இருக்கிறதே என்று தட்டை நீட்டும் நேரத்தில், அடுத்த பந்தலில் இதைவிட நல்லது இருந்துவிட்டால் என்று கால் அரிக்கும். கடைசியில் சுட்ட கோழி ஒரு தட்டில் வாங்கியபோது அவர் வயிறு தொண்டை வரை நிரம்பியிருந்தது. ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். அவள் இடத்தில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது.

போன் போட்டார். அவளுடைய போன் அவர் தோள் பைக்குள்ளிருந்தே மணி அடித்தது. காலையில் அவள்தான் அதை அங்கே போட்டிருந்தாள், ஸ்பானர்களுக்கு நடுவில். அப்போதுதான் அவருக்கு நெஞ்சு பதறியது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினார். கோழி தட்டோடு எங்கோ நழுவியது. ஊருக்கே போய்விட்டாளோ? போயிருந்தால் அதில் தப்பு என்ன என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அதிகம் வலித்தது.

மைதானத்து வாசலுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சின்னக் கடை. பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று மேஜை. எத்தனையோ வருஷமாக அந்த நிறுத்தத்தில் பஸ் மாறுகிறவர், ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்து கடைக்கார அம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள் மனைவி.

உள்ளே போனார். முன்வாசல் வழியாக.

"இங்கயா வந்து..."

"உக்காருங்க" என்றாள். பல்வலிக்காரர்களிடம் சொல்லும் அதே குரல். உட்கார்ந்தார்.

"நான் முடிவு பண்ணிட்டேன். ஒர்க்‌ஷாப் வேணாம். நீங்க சுத்துங்க."

இரண்டு நாளாக எதற்காகத் தவித்தாரோ அது கையில் விழுந்துவிட்டது. சந்தோஷம் இதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இத்தனை வருஷமா நான் ஒண்ணு நினைச்சுட்டு இருந்தேன். வெளியூர்ல எல்லாம் நிம்மதியா உக்காந்து, ரசிச்சு சாப்பிடுறீங்க, என் மேஜைதான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு. எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? இப்பத்தான் தெரியுது, நீங்க எங்கயுமே உக்காந்ததில்லை. உங்களை ஒர்க்‌ஷாப்ல கட்டிப் போட்டா மட்டும் வீட்டுக்கு வந்துருவீங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கோபப்படவில்லை. வரவேண்டிய சந்தோஷமும் வரவில்லை.

கடையின் பழைய மெஷின் உயிர் போகிற மாதிரி இரைந்தது. பழுது வளையத்தில் இல்லை, அடி வால்வில். சக்கரத்தின் வலது கை தானாகப் பையின் ஜிப்புக்குப் போயிருந்தது. அதை அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள். அவர் பையைக் கழற்றி, மேஜைக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டாமல், அவள் காலடியில் வைத்தார்.

அவள் முன்னால் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடியிருந்தது. திறந்தாள். பாதி முட்டை, இரண்டு துண்டு ரொட்டி.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். ஆறிப்போச்சு."

வயிற்றில் இடமே இல்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கடைக்கார அம்மா கேட்டாள்.

எண்ணெயைப் பார்த்தே சமையல்காரரைச் சொல்கிற மனிதர், "தெரியலையேம்மா. இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

வெளியே ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கீழே குனிந்து அவர் பையை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அடுத்த பஸ் வரும்" என்றார். "நீ உக்காரு."