வீட்டிலும் சொல்லக் கூடாது

தொலைத்தொடர்புத் துறையில் கத்தரிக்கோல் மேடம் என்றால் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவள் காதுக்கு வராமல் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாட்டுக்கு ஓர் ஆபத்து வந்து, அரசாங்கம் எல்லா போன் கம்பெனிகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டால், யாருடைய போன் பேசும், யாருடையது ஊமையாகும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைப்பதுதான் அவள் உத்தியோகம்.

“வராத ஆபத்துக்கு மாசா மாசம் சம்பளம்! இந்த மாதிரி வேலை எனக்குக் கிடைக்காம போச்சே” என்று அத்தான் கேலி செய்வார். அக்காவின் வீட்டுக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்தால் போதும், “மந்திரி வந்தாச்சு, எழுந்து நில்லுங்கப்பா” என்று காலி நாற்காலிகளை அதட்டுவார். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கையோடு கூட்டி வந்து, இரட்டை ஷிப்ட் ஓட்டிப் படிக்க வைத்த மனுஷர். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. கேலி செய்யும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். அவள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் அரசாங்க உத்தரவை நீட்டுவாள். அங்கிருக்கும் மேனேஜர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுக்க வேண்டும். “நாற்காலியோட டீயும் உண்டு மேடம், அது உத்தரவுல இல்ல” என்பார் அவர். பிறகு ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், அணைக்கட்டு, மின்வாரியம் என்று திட்டத்தில் உயிரோடு வைக்க வேண்டிய எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லா எண்ணிலும் உடனே எடுப்பார்கள். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தத் திட்டத்தில் அவள் சொந்தமாக மூளையைக் கசக்கி எழுதிய விதி ஒன்று உண்டு. முன்பு ஒரு வெள்ளத்தின்போது அணைக்கட்டு உதவியாளர் ஒருவர், தன் வீட்டு போன் மட்டும் வேலை செய்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டது. மகனைக் கேட்பவர், மருமகளைக் கேட்பவர், சும்மா அடித்துப் பார்ப்பவர். அணையிலிருந்து வந்த எச்சரிக்கை அந்த போனுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. அதனால்தான் அவள் எழுதினாள்: தன் போன் பேசும் என்பதை எவரும் வெளியில் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. கூட்டத்தில் பெரிய அதிகாரியே தட்டிக்கொடுத்தார். விதியை எழுதியவள் விதியை மீறலாமா? அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அவளுடைய கணவர் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார், தங்கமான மனுஷர். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்வதும் தெருவில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். தன் கைபேசியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது என்பதை அவரிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை.

ஆபத்து ஒரு நாள் வந்தே விட்டது. தலைநகரத்தில் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவி, நெருக்கடி நிலை என்று காலைச் செய்தியில் அறிவித்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவளை ஏற்றிக்கொண்டு போக ஜீப் வந்து வாசலில் நின்றது. கட்டுப்பாட்டு அறைக்குள் யாரும் கைபேசி கொண்டு போகக் கூடாது. எப்படியும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று நினைத்து, கைபேசியைச் சமையலறை ஃபிரிஜ் மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். மேனேஜர் இந்தத் தடவை டீயைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். அவள் மளமளவென்று வேலையை முடித்தாள். ஊர் முழுக்க போன்கள் அணைந்தன. ஒத்திகையில் எப்படியோ அப்படியே, ஒரு பிசகு இல்லை. சத்தியமாக அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முற்பகலில் அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. அக்கா போனை எடுத்தாள், பேசவில்லை. பக்கத்து வீட்டு போனும் பேசவில்லை. தலைவிரி கோலமாகத் தங்கை வீட்டுக்கு ஓடி வந்தாள். வாத்தியார் தன் கைபேசியைத் தட்டிப் பார்த்தார். செத்துக் கிடந்தது. “எல்லாருக்கும் கட் பண்ணிட்டாங்கக்கா, நீங்க அவர்கிட்டப் போங்க, நான் வண்டி பார்க்கறேன்” என்று செருப்புகூடப் போடாமல் பெரிய ரோட்டுக்கு ஓடினார். அக்கா ஃபிரிஜைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போனாள். ஊரடங்கு நேரத்தில் வண்டி எங்கே கிடைக்கும்? அலைந்து திரிந்து ஒரு காய்கறி வேனைக் கெஞ்சிக் கூட்டி வந்து, அத்தானைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆம்புலன்ஸ் அங்கே வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து யாருமே கூப்பிடவில்லை என்று அதன் டிரைவர் ஆச்சரியப்பட்டாராம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஜீப் அவளைக் கொண்டுவந்து விட்டபோது, வாத்தியார் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் திக்கித் திக்கிச் சொன்னார். “உங்க அக்கா சமையலறையில ஃபிரிஜைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியலையே.” அவள் உள்ளே போனாள். ஃபிரிஜ் மேலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் முழுசாக இருந்தது.

அவள் அழவில்லை. தன் கணவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம் அழுகையை முந்திக்கொண்டது. தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய தண்டனை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள், “என் தங்கச்சி அந்த ஆபீஸ்தான். அவ கையில இருந்திருந்தா விட்டிருப்பாளா? மேலிடத்து உத்தரவு, பாவம் அவ என்ன பண்ணுவா?” வந்தவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவாள்.

திட்டத்தைத் திருத்தக் கூட்டம் போட்டபோது, அந்த விதியை எடுத்துவிடலாம் என்றாள். தெருவுக்கு ஒரு போனாவது பேச வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும் என்றாள். பெரிய அதிகாரி சிரித்தார். “நீங்க எழுதினதுலயே உருப்படியான விதி அதுதான் மேடம். ஒரு இடத்துல கூட வரிசை நிக்கலையே!” மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்க வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் அத்தான் கதையைச் சொல்ல அவளுக்கும் நா எழவில்லை. அவளும் ஓய்வு பெற்றாள், விதி அப்படியே இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தன் கைபேசி ஃபிரிஜ் மேல் இருந்ததையும், அது திட்டத்தில் இருந்ததையும் இவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அக்கா ஊசியை நிறுத்தவில்லை. பித்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

“அப்போ அது பேசுமா?”

“பேசியிருக்கும்க்கா.”

“நான் அது பக்கத்துலயா நின்னேன்?”

“ஆமா.”

“உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடாத. அந்த மனுஷன் வெறுங்காலோட ஊரெல்லாம் ஓடினார். தெரிஞ்சா தாங்க மாட்டார்.”

அக்கா சட்டையை மடித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். “இத்தனை வருஷமா, விதி வந்துச்சு, போயிட்டார்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். சொல்ல வேண்டிய அன்னைக்கு வாயைத் திறக்கல. இப்போ எனக்கு எதுக்குடி சொன்ன?”

மனசில் இருப்பதை இறக்கி வைத்தால் தேவலை என்றுதான் வந்திருந்தாள். இறக்கி வைத்தது யார் தலையில் என்று அப்போதுதான் உறைத்தது. காலில் விழலாமா என்று குனிந்தவளை அக்கா தடுத்துவிட்டாள்.

“கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத. நானே போன் பண்றேன்.”

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கைபேசியைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறாள். நாட்டில் எல்லோருடைய போனும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அக்கா இன்னும் கூப்பிடவில்லை.