தாமல் ஏரிக்குள் அப்துல் சத்தார்

தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்த அப்துல் சத்தாருக்கு நீச்சல் தெரியாது. 1968-ல் ஒரு சாயங்காலம் படம் பார்க்கப் போகும் வரை அது ஒரு குறையாகவே அவருக்குப் பட்டதில்லை. படத்துக்கு முன்னால் காட்டிய செய்திப்படத்தில் வெள்ளைக்காரர்கள் முதுகில் உருளைகளைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன்களோடு சுற்றினார்கள். அதற்குப் பிறகு ஓடிய படத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

"மேல மிதக்கத்தானே நீச்சல் தெரியணும்? அடியில நடக்கறதுக்கு இன்னாத்துக்கு?" என்று மனைவி ஷமீம் பானுவிடம் கேட்டார்.

தலை நுழையும் அளவுக்கு ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, முகத்துக்கு நேரே ஓட்டை வெட்டிக் கண்ணாடி பதித்தார். உச்சியில் ரப்பர் குழாய். அதன் மறுமுனையில், லாரி டயருக்குக் காற்றடிக்கும் பெரிய பம்பு. கடை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, இத்தனையையும் தூக்கிக்கொண்டு இருவரும் தாமல் ஏரிக்கு பஸ் ஏறினார்கள்.

முதல் தடவை அண்டா மட்டும் மிதந்தது, சத்தார் மூழ்கினார். அப்புறம் இடுப்பில் எடைக்கற்களையும், ஆபத்தென்றால் இழுத்துச் சொல்லக் கரைவரை ஒரு கயிற்றையும் கட்டிக்கொண்டு, கரையிலிருந்து மெல்ல நடந்து உள்ளே போனார். அண்டாவின் உச்சியும் மறைந்தது. ஷமீம் பானு காற்றடிக்க, தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணு என்ற விவசாயி கிட்டே வந்தார்.

"யாரும்மா அது உள்ள?"

"எங்க ஊட்டுக்காரரு. பிள்ளையார்பாளையத்துல ஈயம் பூசறாரு."

"அவரா! எங்க தவலைக்குப் பூசிக் குடுத்தாரு. ஒரே மாசத்துல உரிஞ்சிகினு வந்துடுச்சிம்மா."

ஷமீம் பானு பம்பை விட்டு நிமிர்ந்தார். "செங்கல்ல வச்சித் தேச்சிருப்பீங்க! அவரு வேலைய யாரும் குறை சொன்னதில்லப்பா."

"கயிறு இழுக்குதும்மா."

"இருப்பா, நான் பேசிகினு இருக்கேன் இல்ல!"

எடைக்கல், குழாய், அண்டா எல்லாவற்றோடும் சத்தார் கரைக்கு ஓடி வந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்த மாடுகள் ஊரைப் பார்த்து ஓடின.

"இன்னா பண்ணிகினு இருந்தே?" என்றார், மூச்சு திரும்பியதும்.

"உங்க மானத்தக் காப்பாத்திகினு இருந்தேன்."

கோபம் ஆறியதும், உள்ளே எல்லாம் ஒரே பச்சை என்றும், ஒரு கெண்டை கண்ணாடி வழியாகத் தன்னை முறைத்தது என்றும் சொன்னார். ஷமீம் பானு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நானும் போறேன்."

சத்தார் அக்கம்பக்கம் பார்க்காமல் காற்றடித்தார். கை ஓய்ந்தும் நிறுத்தவில்லை. கயிறு அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து ஷமீம் பானு நிதானமாக நடந்து வெளியே வந்தார்.

"இன்னா பாத்தே?"

"கண்ண மூடிகினேன். தறிச் சத்தமும் இல்ல, உங்க சுத்தியல் சத்தமும் இல்ல. இப்பிடி ஒரு எடம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் இறங்கினார். சத்தார் கரையில் பம்படித்தார்.

சித்திரையில் ஏரி வற்றியது. அப்போதும் இருவரும் போனார்கள். வெடித்த தரையில் நடந்து, ஷமீம் பானு ஓரிடத்தில் நின்றார். "இங்கதான். குழாய் எட்டுனது இம்மாந்தூரந்தான்."

சத்தார் திரும்பிப் பார்த்தார். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"நடு ஏரி வரைக்கும் போனேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டேனேமா!"

"சொல்லிகினே இருங்க," என்றார் ஷமீம் பானு. "மழை வந்தா யாருக்குத் தெரியப் போவுது?"