ஓயாமல் கைதட்டியவர்

மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறாராம். முள் கீறிய பெரிய கைகள். எந்தப் பிள்ளை ஓடினாலும் அந்தக் கைகளைத் தட்டி, தமிழும் தெலுங்குமாகக் கத்தினார். அவருடைய மகன் கடைசியாக வந்தபோதும் அதே சத்தம்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படித் தட்டிக்கொடுத்தே வளர்த்தால் பிள்ளை எப்படி உருப்படும்?

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். நல்ல பீஸ் என்றால் பேசாமல் டிரேயில் வைத்துவிடுவோம். கோளாறு இருந்தால்தான் வாய் திறப்போம். வேலையால் வந்ததோ, பிறவிக் குணமோ, வீட்டிலும் நான் அப்படித்தான்.

என் மகள் முதலாவதாக வந்தாள். மெடலோடு ஓடிவந்து என் முன்னால் நின்றாள். நான் மெடலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தேன்.

"என்ன சார், பாப்பா ஃபர்ஸ்ட் வந்திருக்குது! ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்றார் அவர்.

மகள்தான் அவசரமாக முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா ஒண்ணும் சொல்லலன்னா நல்லாருக்குன்னு அர்த்தம் அங்கிள்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்காகப் பரிந்து பேசினாள். அதுதான் என்னைக் கூசவைத்தது.

அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். அவர் கைகள் மடியிலேயே கிடந்தன. என் முகத்தைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நல்லாருக்கு என்று அதற்கு அர்த்தமில்லை.