கண்ணாடிக்கு ஒரு படுக்கை

முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவருக்கு, ஐம்பது வயதுக்கு மேல் கண்ணாடிப் பித்துப் பிடித்தது. சொந்தமாகத் தொலைநோக்கி செய்வதற்கென்று இருபது அங்குல அகல வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் கையாலேயே தேய்த்துக் குழித்தார். மனைவி நர்ஸ், எழுந்து நடமாட முடியாத நோயாளிகளின் வார்டில் வேலை. அவள் அந்தக் கண்ணாடிக்கு வைத்த பெயர் சக்களத்தி.

ஒருவழியாக ஒளியைப் பிரதிபலிக்கும் பூச்சும் போட்டு, பெட்டியில் பொருத்தி, ஒரு மாலை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார். புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தது. எதைத் திருகினாலும் அதே முக்கோணம். தேய்த்ததில்தான் கோளாறு, மறுபடி முதலிலிருந்து என்று இடிந்துபோனார்.

துணி காயப்போட வந்த மனைவி என்னவென்று கேட்டாள். சுரத்தில்லாமல் பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பதினேழு கிலோக் கண்ணாடி மூன்று இரும்புக் குமிழ்கள் மேல் உட்கார்ந்திருந்தது.

"இத்தனை பாரத்தையும் இந்த மூணா தாங்குது?"

ஒன்றரை அங்குலத் தடிமன், அதெல்லாம் வளையாது என்றார்.

"மனுஷங்களையே நாங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறோம். ஒரே எடத்துல அழுத்தினா புண்ணாயிடும். இதையும் கொஞ்சம் திருப்பி வெச்சுதான் பாருங்களேன்."

வாதாடத் தெம்பில்லாமல், குமிழ்களை அப்படியே விட்டுக் கண்ணாடியை மட்டும் கால்வட்டம் திருப்பினார். அன்று மாலையும் முக்கோணம் தெரிந்தது. ஆனால் இம்மியும் திரும்பாமல் பழைய நிலையிலேயே. கோளாறு கண்ணாடியில் இருந்திருந்தால் முக்கோணமும் கூடவே திரும்பியிருக்கும். அப்படியானால் கண்ணாடி சுத்தம், படுக்கைதான் சரியில்லை. தன் கனத்திலேயே அது அந்த மூன்று குமிழ்களுக்கிடையே தொய்ந்திருக்கிறது. பாரத்தை இன்னும் பல முனைகளில் பரப்ப வேண்டும் என்று காகிதமும் பென்சிலும் எடுத்தார்.

பட்டறை முதலாளி கழிவுத் தகடுகளைக் கொடுத்து, வேலை முடிந்தபின் மெஷினையும் விட்டுக்கொடுத்தார். மூன்று மாதத்தில் ஆறு முக்கோணத் தகடுகள் தயாராயின. இரண்டிரண்டாக அவற்றைச் சேர்த்து மூன்று சட்டங்கள், ஒவ்வொன்றும் தராசுபோல் நடுவில் ஆடும். பதினெட்டு முனைகளும் பாரத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டன. பெட்டியைச் சாய்க்கும்போது கண்ணாடியின் விளிம்பைத் தாங்க, பழைய காரிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டைத் தொட்டில்போல் கட்டினார்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் நட்சத்திரம் ஊசிமுனையாக நின்றது. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தவளைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். சனிக்கிரகத்தின் வளையத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். சொல்வதற்கு அவர் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார்.

"உன்னாலதான்" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

அடுத்த மாதம் வானம் பார்ப்போர் சங்கத்தில், இந்த அமைப்பை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்கள். அவர் கூட்டத்தில் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார்.