இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு பாட்டு

எண்பதாம் வருடம் பிறந்து பதினைந்து பதினாறு நாள் ஆகியிருக்கும். பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே, அறுப்பு முடிந்த ஒரு வயலில் காணும் பொங்கல் விழா. அந்த மேடையில் ஒரே ஒரு பாட்டுக்கு நான் கிட்டார் வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் செலியமேடு. பாண்டியில் காலேஜ் இரண்டாம் வருடம். எழுந்தால் பாட்டு, படுத்தால் பாட்டு என்று இருந்தவனுக்கு, பிரான்சுக்குக் குடிபோன ஒரு பாண்டிக் குடும்பம் விட்டுச்சென்ற கிட்டார் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. ஆறு கம்பியில் ஐந்துதான் இருந்தன. எனக்குத் தெரிந்ததற்கு அந்த ஐந்தே அதிகம்.

என்னோடு இரண்டு பேர். பாடுகிறவன் பாகூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயின் மகன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. பாங்கோஸ் என்கிற ஜோடி மேளம் தட்டுகிறவன் எங்கள் ஊரில் கரும்பு வண்டி ஓட்டுகிறவன். எங்கள் குழுவுக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் சண்டை போட்டும் ஒத்துவரவில்லை. கடைசியில் விழா நோட்டீசில் அவர்களே ‘உள்ளூர் இளைஞர்கள்’ என்று போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் வாசிக்க முடியாது. "மாட்டுக்குப் பால் வத்திப் போவுது" என்று அம்மா சத்தம் போடுவாள். அதனால் எங்கள் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டாய்தான் எங்களுக்கு இடம். மதியத்தில் கரண்ட் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு மூன்று பேரும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொள்வோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி வளைந்து விழும். சுற்றிலும் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல். வெளியே ஊர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் கண் பாதி மூடிக்கொள்கிறது. ஈர மண் வாசனை, மோட்டாரில் சூடேறிய எண்ணெய் வாசனை, நடுவில் என் நண்பனுடைய குரல்.

கிட்டாருக்குச் சுருதி சேர்க்க எங்களிடம் எதுவும் கிடையாது. ஆர்மோனியம் இல்லை. நான் வாங்கியிருந்த புத்தகம் முதல் பக்கத்திலேயே, பியானோவோடு சேர்த்துக்கொள்ளவும் என்றது. செலியமேட்டில் பியானோவுக்கு எங்கே போவது? ஒரு நாள் பாங்கோஸ்காரன்தான் சொன்னான்.

"மாப்ள, மோட்டார் சத்தத்தக் கேளேன். சுதி மாரியே கீதுடா."

கேட்டேன். ம்ம்ம் என்று ஒரே மட்டத்தில், ஏறாமல் இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது கம்பியை முறுக்கி அதோடு சேர்த்தேன். சேர்ந்த அந்த நொடியில் கிட்டாரும் கொட்டாயும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. அன்றிலிருந்து எங்கள் குழுவுக்குச் சுருதிப் பெட்டி அந்த மோட்டார்தான். கரண்ட் வந்தால் கச்சேரி, போனால் வீடு. ஒன்றரை வருடம் என் நண்பன் அந்த ஒரு சத்தத்தின் மேல்தான் பாடினான்.

சினிமாப் பாட்டுத்தான் பாடினோம் முதலில். பிறகு எனக்கு ஆசை வந்தது. நாமே ஒன்று போட்டால் என்ன? ஒரு நாள் பஸ்சில் ஏரிக்கரை ஓரமாக வரும்போது இரண்டு வரி வந்தது.

ஏரித் தண்ணியில எழுதிவச்சேன் – என்
எழுத்தெல்லாம் மீனாகிப் போனதடி

இதைச் சொன்னதும் பாங்கோஸ்காரன், "அப்போ கொக்கு வந்து தின்னுட்டுப் போயிருக்கும்டா உன் பாட்ட" என்றான். ஆனால் என் நண்பன் சிரிக்கவில்லை. தாளம் இல்லாமல், இழுத்து, தொகையறாவாக அந்த இரண்டு வரியைப் பாடினான். அதற்குப் பின்னால்தான் கிட்டாரும் பாங்கோசும் சேர வேண்டும் என்று அவனே முடிவு செய்தான். மெட்டில் பாதி அவனுடையது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பொங்கலுக்கு இளைஞர் மன்றத்துக்காரர்கள் கடலூரிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவுக்குச் சொல்லியிருந்தார்கள். பேச வந்த குழுத் தலைவர் வேட்டி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனாராம். அங்கே என் நண்பன் துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "எங்க பையன் ஒருத்தன் துபாய்க்குப் போயிட்டான். ஆம்பளக் குரல் ஒண்ணு வேணும். அன்னிக்கு எங்க கச்சேரிக்கு முன்னால ஒரு பாட்டு பாடு, பாப்போம்" என்றாராம்.

அவன் அத்தா அதிகம் பேசுகிறவர் அல்ல. மகனைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை சொன்னார். "அவரு உன்னக் கூப்ட்டா போ. நான் தடுக்கல. கூப்புடலன்னா மறுநாள் காலைல கடைல உக்காந்துடணும். அப்புறம் பாட்டு கீட்டுன்னு பேசக் கூடாது." அவனும் சரி என்றுவிட்டான். என் பாட்டைத்தான் பாடுவேன் என்றும் சொன்னான். எனக்குத் தரையில் கால் இல்லை.

விழா அன்று சாயங்காலம் நான்கரை மணிக்கே போய்விட்டோம். ஏரி நிறைந்து கிடந்தது. கரைமேல் கரும்பு தின்றபடி ஜனங்கள். மேடைக்குப் பின்னால் தலைவர் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்திருந்தார். கிட்டாரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். அவர் ஒரு கட்டையை அழுத்தினார். என் கம்பி அதற்கு மேலே நின்றது. பக்கத்துக் கட்டையை அழுத்தினார். இப்போது கீழே நின்றது.

"இன்னா தம்பி, ரெண்டு கட்டைக்கும் நடுவுல கீது? எதுக்குச் சேத்த சுதி?"

மோட்டாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. காலேஜில் படிக்கிறவன், சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவன் ஆயிற்றே நான். "பாண்டில ஒரு ஆர்மோனியத்துக்குண்ணே. கம்பி எறங்கியிருக்கும்" என்று பொய் சொன்னேன்.

"அப்போ ஏத்து."

ஐந்து கம்பியையும் முறுக்கி மேல் கட்டையோடு சேர்த்தேன். நூலிழை வித்தியாசம்தான். அந்தக் குழுவில் பாடும் பெண் ஒருவர், எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம், தபேலாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி மப்ளர். நான் முறுக்குவதையே பார்த்தபடி இருந்தார். என் நண்பன் மேடையின் அந்தக் கோடியில் மைக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பத்தடி தூரம்தான். நூலிழைதானே, அவனைக் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், மோட்டார் விஷயம் வெளியே வரும் என்ற வெட்கம்.

பெயர் கூப்பிட்டார்கள். ஏறினோம். தலைவரும் ஆர்மோனியத்தோடு வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். அவன் கண்ணை மூடினான். தொகையறாவை எடுத்தான். ஏரித் தண்ணியில எழுதிவச்சேன்... ஒரு வாத்தியமும் இல்லாமல், அந்தக் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் போய் ஏரியின் மேல் பரவியது. கரும்பு கடிப்பது நின்றது. குழந்தையை அதட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அதட்டலைப் பாதியில் விட்டாள்.

இரண்டாவது வரி முடிந்தது. தலைவரின் ஆர்மோனியமும் என் கிட்டாரும் ஒன்றாக இறங்கின.

கண்ணாடியில் ஆணியை வைத்துக் கீறியது போல ஒரு சத்தம். அவன் ஒன்றரை வருடம் பாடிய இடத்திலிருந்து எடுத்திருந்தான். நாங்கள் வேறு இடத்தில் இருந்தோம். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஆர்மோனியத்துக்கு ஏறப் பார்த்தான். ஏறுவான், இரண்டு சொல் போவதற்குள் குரல் தானாக வழுக்கித் தன் இடத்துக்கே வந்துவிடும். மறுபடி ஏறுவான்.

"சுதிக்கு வாய்யா, சுதிக்கு வா!" என்றார் தலைவர். கூட்டத்திலிருந்து, "முழம் போடுடா தம்பி, பாட்டு வேணாம்!" என்று ஒரு குரல். "மீட்டர் எவ்ளோடா?" என்று இன்னொன்று. சிரிப்பு அலையாக வந்தது. அவன் அத்தா கூட்டத்தின் கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக் கிட்டாரை நிறுத்தினேன். "இன்னாடா பாடற, சுதியே இல்ல" என்று மைக்குக்குக் கேட்கும்படியே சொன்னேன். சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றேன். தப்பு அவன் பக்கம்தான், என் பக்கம் இல்லை என்று கூட்டத்துக்குத் தெரிய வேண்டுமே! பாங்கோஸ்காரன் மட்டும் பாவம், எதை நிறுத்துவது என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தான்.

அப்போது அந்த மப்ளர் போட்ட பெண் மேடைக்கு வந்தார். அவசரமே இல்லை. வெந்நீர் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, ஆர்மோனியப் பொட்டிய நிறுத்துங்க. அவரு தப்பாப் பாடல. ரெண்டு கட்டைக்கு நடுவுல நின்னு பாடறாரு."

"உனக்கு எதுக்கும்மா இது? உனக்குப் பதினாலு பாட்டு கீது. தொண்டை வேற கட்டிக்கினு கெடக்கு."

"ஒரு பாட்டுதாண்ணே" என்றவர் என் நண்பனிடம் திரும்பினார். "நீ மொதல்ல எடுத்த பாரு, அங்கயே எடு. நான் புடிச்சுக்கறேன்."

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். முதல் சொல் வந்தது. அவர் இரண்டாவது மைக்கில் வாயைத் திறக்காமல் ம்ம்ம் என்று அதைப் பிடித்தார். எந்தக் கட்டையிலும் இல்லாத, அவனுடைய அந்த இடத்தை அப்படியே பிடித்தார். மூச்சு எங்கே வாங்கினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய அந்த ஒற்றைச் சத்தத்தின் மேல் என் நண்பன் உட்கார்ந்து, எழுந்து, நடந்து பாடினான். ஏரியில் வெயில் சாய்ந்து தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நான் எழுதிய சொற்கள்தான், ஆனால் எனக்கு அவை யாரோ எழுதியவையாகக் கேட்டன. நானும் கூட்டத்தில் ஒருவனாக, நிறுத்திய கிட்டாரோடு மேடையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை. நான்கு நிமிடம் இருந்திருக்கும்.

முடிந்தபோது பெரிய கைதட்டல் என்று சொல்ல மாட்டேன். அங்கங்கே தட்டினார்கள். முழம் போடச் சொன்ன குரலைக் காணோம்.

கீழே இறங்கியதும் தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "கொரலு நல்லாத்தான் கீது. ஆனா பொட்டிக்கு ஒட்டாத ஆளை வச்சிக்கினு நான் ராவும் பகலும் இன்னா பண்ணுவேன், சொல்லு. கோவிச்சுக்காத." அவ்வளவுதான். அவன் தலையை ஆட்டினான்.

அந்தப் பெண் கேட்டார். "எங்க பாடிப் பழகறீங்க?"

"மோட்டார் கொட்டாயிலக்கா. மோட்டார் சத்தத்துலதான்" என்றான் அவன், எந்த வெட்கமும் இல்லாமல்.

"இன்னாது, மோட்டார்லயா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் முறுக்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நண்பனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவர் சொல்லவில்லை. "ரொம்ப நல்லாருக்கு தம்பி அந்த மீனு" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு மப்ளரைச் சரிசெய்துகொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைய கச்சேரியில் அவருடைய மூன்றாவது பாட்டில் மேலே போகிற ஓர் இடத்தில் குரல் உடைந்தது. கூட்டம் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆறு பாட்டுக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அவனும் கிளம்பலாம் என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்தோம். பாட்டுச் சத்தம் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. கரை முடிகிற இடத்தில் நின்றேன்.

"டேய், நான்தாண்டா. பின்னால வச்சி சுதிய ஏத்திட்டேன். உங்கிட்ட சொல்லல."

அவன் சைக்கிளை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. கம்பி முறுக்கற சத்தம் எனக்குக் கேக்காதா? இன்னாமோ பண்றான், வந்து சொல்லுவான்னு பாத்துனு இருந்தேன்."

"அப்போ மேடையில ஏண்டா சொல்லல?"

"நீதான் பின்னால போயிட்டியே. யாருகிட்ட சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். சொல்லிவிட்டு, "நாளைக்குக் கடைக்கு வா, டீ சொல்றேன்" என்று ஏறி மிதித்துப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் கடையில் உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். டீ சொல்கிறான். அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் இன்னும் பாட்டு எழுதுகிறேன். இரண்டு மூன்று குழுக்களில் வாசித்தும் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் இப்போது எங்கே பாடுகிறாரோ, அவர் பெயரைக்கூட அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் என் கண் முன்னால் தடுமாறும்போது இன்றும் என் கால் முதலில் பின்னால்தான் போகிறது. அது போவது எனக்குத் தெரிகிறதே, அந்தத் தெரிதலை அந்தப் பெண்தான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.