மஞ்சள் பூசிய அளவைத் தூண்

பேரையூர் செல்லும் சாலையை ஒட்டிய கரிசல் காட்டில், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்காக ரோலர் கோஸ்டர் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தோம். வழக்கமான வகையில், சங்கிலியொன்று வண்டியை உச்சிவரை இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் வண்டி தன் பாரத்தாலேயே ஓடும். எங்களுடையது அப்படிப்பட்டதன்று. தரையை ஒட்டிய நேர்பாதையில் அசையாமல் நிற்கும் வண்டியை, பாதையின் நடுவே பதித்த மோட்டார்கள் காந்த விசையால் மூன்றே நொடியில் முழு வேகத்துக்கு உந்தும். வண்டியின் அடியில் தொங்கும் உலோகத் தகடு, இருபுறமும் வரிசையாக நிற்கும் அந்த மோட்டார்களுக்கு இடையே ஓட வேண்டும். தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இரண்டு தீக்குச்சிகளின் கனத்துக்கு மேல் இடமில்லை. பாதை எங்கேனும் வளைந்தால் தகடு உரசும். அந்த வேகத்தில் உரசினால் என்ன ஆகும் என்பதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாதையைத் தாங்கும் இரும்புக் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது. குழாய்களை வளைத்துப் பற்றவைத்தவர்கள் கப்பலூர்ப் பட்டறைக்காரர்கள். அவர்கள் வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகைக்கூட நான் கண்டதில்லை. தாளிலிருந்த புள்ளியை மண்ணில் வைப்பது மட்டும் என் வேலை. அளவைப் பிரிவில் நான் ஒருத்திதான்.

மண்ணில் புள்ளி வைப்பதற்கு, மாறாத ஓர் இடம் வேண்டும். அதற்காக நெஞ்சுயரத்தில் மூன்று சிமென்ட் தூண்களை நட்டிருந்தோம். அளவைக் கருவியை ஒரு தூணின் தலையில் பொருத்தி, இரண்டாவது தூணைப் பார்த்துத் திசை பிடித்து வேலையைத் தொடங்குவேன். வாரம் ஒருமுறை மூன்றாவது தூணையும் பார்த்து, எதுவும் நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதி ஒப்பமிட வேண்டும். நேர்பாதைக்கு அருகில் நின்றது மேற்குத் தூண். அந்தப் பாதையின் கால்கள் அனைத்தையும் அதன்மேல் கருவியை வைத்தே குறித்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நண்பகல். கிரேன் தூக்கிய குழாய் ஒன்று வாரிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் பெண்கள் நால்வர், மேற்குத் தூணின் மறுபுறம் சாக்கு விரித்துச் சோறு உண்டுகொண்டிருந்தார்கள். எழுந்திருக்கவும் நேரமில்லை. உருண்ட குழாய், தூணுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்த மண்மேட்டில் முட்டி நின்றது. அன்று மாலையே மூன்று தூண்களையும் அளந்தேன். இம்மியும் நகரவில்லை. அதன்பின் பல வாரங்களுக்கு நான் முறையாகச் சரிபார்க்கவில்லை.

மறுநாள் காலை தூணுக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் வைத்து அரளிச்சரமும் சுற்றியிருந்தார்கள்.

அந்தப் பெண்களுள் மூத்தவர் சொன்னார்: “எங்களுக்கு வந்தத நான் வாங்கிக்கிடுறேன்னு முன்னால நின்னுருக்கா, டீச்சர். ஆத்தா இல்லாம வேற யாரு?”

நெற்றியில் பொட்டில்லாத கிறித்தவப் பெண் என்றால் மிஷன் பள்ளி ஆசிரியையாகத்தான் இருப்பாள் என்பது அவர்கள் கணிப்பு. என் தாயார் உண்மையிலேயே அத்தகைய ஆசிரியை என்பதால் நான் மறுக்கவில்லை.

அன்றுமுதல், காலையில் எடுக்கும் முதல் குடம் தூணுக்கு, மற்றவையெல்லாம் கான்கிரீட்டுக்கு. நான் கருவியோடு வந்தால் அந்த மூத்த பெண் சரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். “செருப்ப மட்டும் கழத்திட்டுக் கிட்ட போங்க டீச்சர். ஏசுசாமி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு.” மற்ற மூவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவேன்.

கரிசல் மண் நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். என் தொழிலில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம் இது. தூணின் அடியில் விரல் நுழையும் வெடிப்புகள் இருந்தன. ஊற்றிய குடம் மேலே தேங்காமல், அப்படியே உள்ளே இறங்கியது. நான் அதைப் பார்த்தேன். ‘இங்கே தண்ணீர் விட வேண்டாம்’ என்ற நான்கு சொற்கள் போதும். ஆனால் வேற்றுச் சமயத்தாள் சொன்னால் அதற்கு வேறு பொருள் கொள்வார்களோ என்று தயங்கினேன். அத்தயக்கத்துக்குக் கண்ணியம் என்று நானே பெயரிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம், பாதை முடிந்தபின் போடுவதற்காகக் கப்பலூரிலிருந்து வந்த கூரைச் சட்டங்களை மேற்குத் தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவில் அடுக்கிவிட்டார்கள். பார்வை மறைந்தது. அடுக்கை நகர்த்த வேண்டுமானால் கிரேன் அரை நாள் வேண்டும். குழாய் உருண்டு வந்தபோதே அசையாத தூண் இனியா அசையப்போகிறது என்று எண்ணினேன். பார்க்காமலே ‘சரி’ என்று எழுதினேன். எழுதும்போது கை சற்று நின்றது. அதற்கடுத்த வாரம் அதுவும் நிற்கவில்லை. இவ்வாறு ஐந்து முறை எழுதினேன். நேர்பாதையின் எட்டுக் கால்களும் நடப்பட்டது அந்த ஐந்து வாரங்களில்தான்.

பாதை ஒரு வளையம். எல்லாத் துண்டுகளும் பூட்டப்பட்டபின், நேர்பாதை முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு துண்டுக்கு இடம் எஞ்சியிருந்தது. அதைப் பூட்டும் நாளில் எல்லாரும் கூடியிருந்தோம். துண்டுகளைத் தூக்கிப் பூட்டும் குழுவின் தலைவர் காற்றாலைகளை எழுப்பிப் பழகியவர். ஆளை உயர்த்தும் மேடையில் நின்றபடி, கிரேன் இறக்கிய துண்டைக் கையால் தள்ளிப் பார்த்தார்.

“மேடம், ஏத்தத்துப் பக்கம் ஒக்காந்துருச்சு. மோட்டார் பக்கம் ஓட்டைக்கு ஓட்டை சேரல.”

“எம்புட்டுண்ணே?”

“வெரக்கடைக்குக் கொஞ்சம் கம்மி.”

அந்த விலகல் எதனால் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அருகில் மேலாளர் நின்றிருந்தார். மதுரையில் பல தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்களிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார்; கோபம் எல்லை மீறினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டு மொழியில் முணுமுணுப்பார். இப்போது அவர் கைப்பேசியை எடுத்தார். “பட்டறைக்காரங்க சொதப்பிட்டாங்க” என்றார். அழைத்தார். எதிர்முனையில் இருந்தவரை, எங்கள் எல்லாருடைய முன்னிலையிலும், விடாமல் ஏசினார். நான் வாய் திறக்கவில்லை.

“ஏன் சார் அவனுகளைப் போட்டு வையுறீக?” என்றார் மேலே இருந்தவர். “செயின் பிளாக்கப் போட்டு ரெண்டு இழு இழுத்தா வந்துரும். புதுமாப்ள மாதிரிதான். மொதல்ல முறுக்குவான், பொறவு தன்னால ஒக்காந்துருவான்.”

கீழே சிரிப்பு எழுந்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். “இழுங்க. வர்ற திங்கக்கிழமை முதலாளி சோதனை ஓட்டம் பார்க்க வாராரு.”

சங்கிலியை மாட்டி இழுக்கத் தொடங்கினார்கள். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறும் ஒலி கேட்டது. இழுத்துப் பூட்டிய இரும்பு அமைதியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த இழுவிசை எங்கும் போவதில்லை, பூட்டிலேயே தங்கும். ஒவ்வொரு முறை வண்டி பாயும்போதும் அந்த இடம் நோகும். என்றோ ஒரு நாள் விரிசல் விடும். வண்டியில் ஆட்கள் இருப்பார்கள். அதைக் காட்டிலும் என்னை வாட்டியது நேர்பாதை. முனை விலகியிருந்தால், அதற்கு முன்னுள்ள கால்கள் மட்டும் எப்படி நேராக நிற்கும்?

ஒலி இன்னும் ஏறியது. துளைகள் பிறைபோல ஒன்றையொன்று மூடத் தொடங்கின. நான் பேசாதிருந்தால், இன்னும் சில நொடிகளில் போல்ட் உள்ளே போய்விடும். எல்லாரும் கை தட்டுவார்கள். பழி கப்பலூரில் தங்கிவிடும். என் ஐந்து ‘சரி’களை எவரும் புரட்டப்போவதில்லை.

“வந்துருச்சு மேடம்! போல்ட்டு, போல்ட்டு!”

“நிறுத்துங்கண்ணே” என்றேன்.

பல்சக்கரத்தின் ஒலியில் அது மேலே எட்டவில்லை. மறுபடியும் கத்தினேன். சங்கிலி நின்றது.

மேலாளர் திரும்பினார். “என்னம்மா?”

“பட்டறைக்காரங்க தப்பில்ல சார். மேற்குத் தூண் நகர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். அளக்கணும்.”

“வாராவாரம் அளந்துதானே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

அப்போதும் ஒரு பொய்க்கு இடமிருந்தது. நேற்று நகர்ந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.

“போட்டேன் சார். அளக்கல. அஞ்சு வாரமா அளக்கல.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரியாத மொழியில் நெடுநேரம் முணுமுணுத்தார். பிறகு, அடுக்கை நகர்த்துமாறு கிரேனுக்குக் கை காட்டினார்.

பார்வை திறந்ததும், நகராத மற்ற இரு தூண்களின் மேல் கருவியைப் பொருத்தி அளந்தேன். மேற்குத் தூண் வடக்கே பதினொரு மில்லிமீட்டர் விலகியிருந்தது. இரண்டாவது தூணின் திசைக்குக் குறுக்காக விலகியதால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறவில்லை; நாள்தோறும் திசை பிடித்தபோது எனக்கு அது தெரியவில்லை. பிறகு கால்களை ஒவ்வொன்றாக அளந்தேன். முதற்கால் சரியான இடத்தில் நின்றது. மூன்றாவது இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. விலகல் கூடிக்கொண்டே போய், எட்டாவது முழுப் பதினொன்றும் விலகியிருந்தது. கண்ணுக்கு நூல் பிடித்ததுபோலத் தெரிந்த நேர்பாதை, நாணேற்றாத வில்லாக வளைந்திருந்தது. நடுப்பகுதியில் வண்டியின் தகடு மோட்டாரை உரசியே இருக்கும்.

எண்களை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“நான் திட்டுனது உங்க காதுல விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சு சார்.”

“அப்ப நீங்களே போன் போடுங்க. எல்லார் முன்னாடியும்.”

போட்டேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கப்பலூர்க்காரர், “சரிங்க, அளவ அனுப்புங்க. துளையத் தள்ளிப் போட்டு காலுகளுக்குப் புது அடித்தகடு அடிச்சுத் தாரோம்” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமைச் சோதனை தள்ளிப்போயிற்று. என் ஒப்பம் மட்டும் இனிப் போதாது என்றும், நகரிலிருந்து இன்னொரு அளவையாளர் வந்து என்னோடு சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. வேலையில் நான் நீடிப்பதா என்பது சோதனை முடிந்தபின் பேசப்படும் என்றார்கள்.

எஞ்சியது அந்தப் பெண்களிடம் சொல்வது. அதற்குத்தான் நான் மிகவும் அஞ்சினேன். சொற்களைத் தேர்ந்து, அவர்கள் நம்பிக்கையின்மேல் நிழல்கூடப் படாதவாறு, மண் உப்புவதை விளக்கினேன். மூத்த பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்.

“இதுக்கா டீச்சர் இம்புட்டு நாளா வாயப் பொத்திக்கிட்டு இருந்தீக? மொத நாளே சொல்லியிருந்தா ஆத்தாளக் கொண்டுபோய் அந்த வேம்படில வச்சிருப்பமே. அவளுக்கென்ன, நெழலா இருக்கும்.”

“நீங்க வேற மாதிரி நினைச்சிருவீங்களோன்னு…”

“நாங்க எதுக்கு நெனைக்கப் போறோம்? குழா உருண்டப்ப செத்திருக்க வேண்டியதுக நாங்க. அந்த வண்டில ஏறுறதுக எங்க பிள்ளைகளாவும் இருக்கும்ல?”

பழைய தூணைப் பெயர்த்து வேம்படியில் நட்டார்கள். கரிசலுக்கு அடியிலிருந்த சரளைவரை குழி தோண்டிப் புதுத் தூணை எழுப்பினோம். வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு ஒப்புதல் தந்த அடித்தகடுகள் கப்பலூரிலிருந்து வந்தன. கால்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. கடைசித் துண்டைச் சங்கிலியில்லாமல் இறக்கியபோது, போல்ட்டுகள் விரலால் தள்ளியே உள்ளே போயின.

சோதனை நாளன்று, இருக்கைகளில் ஆட்களுக்குப் பதிலாக நீர் நிரப்பிய பொம்மைகளைக் கட்டினார்கள். வண்டியின் தகட்டுக்கு இருபுறமும் நீலப்பொடி கலந்த சுண்ணாம்பைப் பூசினோம்; உரசினால் கோடு விழும். விசையை அழுத்துமுன் மேலாளர் என் பக்கம் பார்த்தார்.

“மேடம்?”

‘சரி’ என்னும் சொல் நாவில் வரவில்லை. “காலைல மூணு தூணையும் அளந்தேன் சார். ரெண்டு பேரும் அளந்தோம்” என்றேன்.

அழுத்தினார். மூன்று நொடிகள். வண்டி எங்களைக் கடந்தபோது காற்று அறைந்தது. என் செவி உரசும் ஒலியை மட்டுமே தேடியது. சக்கரங்களின் இரைச்சலில் எதையும் பிரித்தறிய முடியவில்லை. வண்டி ஏறிக் கவிழ்ந்து சுழன்று, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. குழுத் தலைவர் கைவிளக்குடன் அதன் அடியில் மல்லாந்து நுழைந்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வேம்படியில் நால்வரும் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

“ஒரு கீறல் இல்ல மேடம்” என்றது அடியிலிருந்து வந்த குரல். “பூசுன நீலம் அப்புடியே இருக்கு. எழுதிக்கங்க.”

பதிவேட்டை மேலாளர் நீட்டினார். வாங்கிக்கொள்ளாமல், புழுதியில் படுத்துக் குழுத் தலைவருக்குப் பக்கத்தில் நுழைந்து, கைவிளக்கை வாங்கித் தகட்டின் இருபுறமும் முனையிலிருந்து முனைவரை பார்த்தேன். பிறகு எழுந்து வந்து எழுதினேன்.