அந்தக் கை என்னுது இல்ல

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்ககத்தின் கிளப் ஹவுஸில்தான் இதை எழுதுபவன் ஜெயப்பிரியாவை முதலில் பார்த்தான். பார்த்தான் என்பதுகூடப் பிசகு. முதலில் கேட்டது குரலைத்தான். இருட்டுக்குள்ளிருந்து "நிறுத்துய்யா!" என்றது அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நம் பக்கத்து ஆட்டமும் போர்ச்சுகல் நாட்டு ஆட்டமும் சந்தித்துக்கொண்ட கதை, ஆவணப்படம், முடிந்ததும் போண்டாவும் காபியும் உண்டு என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஐ.டி. குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தன. திரையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு. அதில் ஒரு கை மஞ்சள் நூலால் காப்பு கட்டுகிறது. அடுத்து ஒரு கத்தரிக்கோல் வருகிறது. நறுக். நூல் அறுந்து விழுகிறது. உடனே ஒரு விமானம் மேகத்துக்குள் ஏறுகிறது. ஜன்னலோரம் ஒரு பெண்முகம். பின்னணியில் ஒரு குரல் கனிந்து குழைகிறது: "கட்டிப்போட்ட கயிற்றை அறுத்துக்கொண்டு ஜெயப்பிரியா பறந்தாள்."

சபை கைதட்டியது. அது அடங்குமுன்தான் அந்தக் குரல்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்த பெண் விறுவிறுவென்று நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய பச்சைப் புடவையின் மேல் விமானம் பறந்தது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இன்னாத்துக்குக் கை தட்றீங்க? அந்தக் கை என்னுது இல்ல!"

அவள் எதற்குக் கத்துகிறாள் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. இதை எழுதுபவனைப் போல ஊரில் வளர்ந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவனுக்கு அது உடனே புரியும். காப்பு கட்டுவது என்றால் என்னவென்று தெரிந்த எவனும் அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்துக் கைதட்ட மாட்டான்.

ஜெயப்பிரியா கள்ளிக்குப்பத்துக்காரி. அந்த இடத்துக்குப் பஸ் ரூட் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கும் உழவர் குடும்பம். நிலம் போய் மாடி வீடுகள் வந்ததில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. "குனிஞ்சு நாத்து நட்டவ முதுகைக் கேளு" என்பாள். மண்ணூர்பேட்டையில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. புருஷன் பரந்தாமன் வேன் ஓட்டுகிறான்.

ஆடி பிறந்துவிட்டால் மட்டும் அவள் வேறு ஆள். கூழ் வார்க்கும் திருவிழாவில் அம்மனின் பூங்கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பம்பைக்கும் உடுக்கைக்கும் ஆடியபடி தெருத்தெருவாகப் போவது அவர்கள் வீட்டு உரிமை. அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோனதிலிருந்து அவள்தான் தூக்குகிறாள். கரகம் தூக்குகிறவளுக்குத்தான் முதல் காப்பு. மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முடிந்தபின் கட்டியவரே கோயிலில் வைத்து அவிழ்க்க வேண்டும். கத்தி, கத்தரி எதுவும் படக் கூடாது. எல்லை இப்போது ஒரு பக்கம் டயர் கடையோடும் இன்னொரு பக்கம் கால்வாய்ப் பாலத்தோடும் முடிகிறது. மண்ணூர்பேட்டை அதற்கு வெளியே. ஆகவே வருஷா வருஷம் அந்த நாட்களுக்கு அவள் லீவு போட்டாக வேண்டும்.

"இன்னாம்மா, ஆத்தா லீவு குட்த்துச்சா?" என்று சூப்பர்வைசர் சீண்டுவார்.

"ஆத்தா குட்த்துச்சு சார். நீங்கதான் பாக்கி."

போன தை மாதம் தினேஷ் என்ற படக்காரர், இனேஸ் என்ற போர்ச்சுகல் நடனக்காரியை அழைத்துக்கொண்டு வந்தார். இனேஸ் நல்ல பெண். தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்து ஆடிப் பார்க்கிறேன் என்று தெருவையே நனைத்தாள். "யக்கோவ், கார்ப்பரேஷன்ல சொல்லிடு, இனிமே தண்ணி லாரி வாணாம்" என்று தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பதிலுக்கு ஜெயப்பிரியாவுக்கு இடுப்பசைக்காமல் கால் மட்டும் பேசும் ஓர் ஆட்டம் காட்டினாள். ஜெயப்பிரியா மாசியில் லிஸ்பன் போய் ஆடுவது என்று பேச்சு.

அவள் லிஸ்பன் கிளம்புவதற்கு முன்னால் தினேஷ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரே ஒரு ஷாட் பாக்கி. காப்பு கட்டுறது."

"அது ஆடிலதான சார்?"

"ஆடிக்குள்ள படத்தைக் குடுத்தாகணும். இப்பவே கேமராவுக்காகக் கட்டிடலாம். எடுத்து முடிச்சதும் கழட்டிடலாம்."

"கட்டினா எல்லை தாண்டக் கூடாது சார். நான் ஏரோப்ளேன் ஏறணுமா, வாணாமா?"

"சும்மா நடிப்புதானேக்கா!"

"நூலுக்கு நடிக்கத் தெரியாது சார்" என்றாள் ஜெயப்பிரியா. பரந்தாமன் பக்கத்திலிருந்து, "வேணும்னா என் கைல கட்டுங்க, நான் எங்கியும் போவல" என்றான். தினேஷ் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். விஷயம் முடிந்தது என்று அவள் நம்பினாள்.

லிஸ்பனில் அவள் வெறும் பித்தளைக்குடம் வைத்து ஆடினாள். பூ இல்லை, வேப்பிலை இல்லை, கரகம் இல்லை. "அங்க ஆடினது நானு. இங்க ஆட்றது அவ, ஆத்தா" என்று வந்து சொன்னாள். அந்தப் பிரிவினையில் அவளுக்கு அவ்வளவு கண்டிப்பு. குளிரையும் மீனையும் பற்றித் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு மாதம் கதை ஓடியது.

ஆனியில் படத்தின் முன்னோட்டம் வந்தது. தெருக்காரர்களின் வாட்ஸப்பில் யாரோ போட்டார்கள். கை, கத்தரிக்கோல், விமானம், அவள் முகம். ஒரே ராத்திரியில் ஜெயப்பிரியா காப்பை நறுக்கிப் போட்டுவிட்டு எல்லை தாண்டியவள் ஆகிவிட்டாள்.

திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர் தங்கராஜ், அவளுக்குச் சித்தப்பா முறை. காப்பு கட்டுவதும் அவர்தான். கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாமே இது கூத்து? இந்த வருசம் கரகத்தை மோகனப்பிரியா தூக்கட்டும்" என்றார். மோகனப்பிரியா அவருடைய மருமகள்.

"சித்தப்பா, காப்பு கட்றதே நீதான். மாசி மாசத்துல என் கைல எப்பக் கட்டின? சொல்லு."

"நான் கட்டலன்னு எனக்குத் தெரியும். ஜனத்துக்குத் தெரியுமா? ஊர் பூரா பாத்துச்சு, வெளிநாட்டுக்காரன் பாத்தான். அந்தப் படத்துல இருந்து அதை எடுக்கச் சொல்லு. எடுத்துட்டா கரகம் உன்னுது. காப்பு கட்ற நாளு வரிக்கும் டைமு."

பொய் என்று தெரிந்துகொண்டே பொய்யைப் பிடித்துத் தொங்குகிற மனுஷனை என்ன செய்வது? அவள் தினேஷுக்குப் போன் மேல் போன் போட்டாள். எடிட்டிங்கில் இருக்கிறேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்றார்; பிறகு எடுக்கவே இல்லை. பருத்திப்பட்டில் படம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஷிப்ட் முடிந்த கையோடு வேனில் ஏறினாள்.

அப்படித்தான் அவள் அந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

விளக்கைப் போட்டார்கள். தினேஷ் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, ப்ளீஸ். அது ஒரு குறியீடு. உங்களை உயர்த்தித்தானே காட்டியிருக்கோம்?"

"உயர்த்தித்தான் காட்டின, ஏரோப்ளேன்ல!" சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது. "கட்டிப்போட்டாங்கன்னு சொல்றியே, யாரு என்னைக் கட்டிப்போட்டது? பாத்தியா நீ? நானே கை நீட்டி, நானே கட்டிக்கினு, நானே லீவு போட்டுக்கினு ஊட்ல குந்திக்கினு கீறேன். அதை அறுத்து உட நீ யாரு? அது யாரு கை?"

 முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்தாள். தினேஷின் உதவியாளர், நிஷா.

"என் கைதான்க்கா. சாரோட பால்கனில எடுத்தோம்."

"யாரு கட்டினது?"

"நானே."

"நறுக்கும்போது பயமா இல்ல?"

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் அந்தப் பெண், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

"உன் மேல கோவம் இல்ல, உக்காரு. சார், உங்களுக்குத் தெரியும். உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சொன்னதைக் காதுல வாங்கிக்கினு போய்ப் பால்கனில நறுக்கிக்கினு வந்தீங்க."

தெரியாமல் செய்தால் தவறு. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தால் அதற்கு வேறு பெயர். கலைப் பரிமாற்றம் என்று மேலே பட்டுத்துணி போர்த்திவிட்டால் அந்தப் பெயர் மறைந்துவிடுமா? அவள் ஆட்டம் வேண்டும், முகம் வேண்டும், பெயர் வேண்டும். அவள் சொன்ன சொல் மட்டும் வேண்டாம்.

"படம் லாக் ஆயிடுச்சுக்கா, இனிமே எதையும் மாத்த முடியாது" என்றார் தினேஷ். "வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போயாச்சு. வேணும்னா கடைசியில ஒரு வரி போட்டுடறோம், சில காட்சிகள் மீண்டும் உருவாக்கப்பட்டவைன்னு."

"கடசில போட்ற எழுத்தை எவன் படிப்பான்? எல்லாரும் போண்டாவுக்கு எழுந்துக்குவாங்க."

இந்த முறை சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். போண்டா அப்படியே ஆறிப்போனது. இதை எழுதுபவன் பின்னாலேயே ஓடிப்போய், வேன் கிளம்புவதற்குள் அவள் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டான். "நீங்களும் படம் எடுக்கிறவரா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். இல்லை என்றதும்தான் முகம் கொடுத்துப் பேசினாள்.

சபையில் யாரோ எல்லாவற்றையும் செல்போனில் பிடித்திருந்தார்கள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அது கள்ளிக்குப்பம் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கராஜ் பார்த்தாரா என்றால் பார்த்தார். ஆனாலும் ஒரே கேள்விதான்: "படத்துல இருந்து எடுத்தானா?"

"எடுக்கல."

"அப்ப பேச்சு இல்ல."

காப்பு கட்டும் நாள். கோயில் வாசலில் சனம். பம்பைக்காரர் உத்தமன் வாரை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கராஜ் மஞ்சள் நூலைக் கையில் எடுத்து, "மோகனா, வாம்மா, கை நீட்டு" என்றார். மோகனப்பிரியா தலையைக் குனிந்து நின்றாள். அவள் இடது கை முந்தானைக்குள் இருந்தது, வெளியே வரவில்லை.

அந்த இடைவெளியில் ஜெயப்பிரியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சித்தப்பாவின் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள்.

"கட்டு சித்தப்பா. இதான் என் கை. நல்லாப் பாத்துக்கோ. ஊரே பாக்கட்டும்."

"படத்துல…"

"படத்துல கீறது பால்கனில கட்டின கை. இது கோயில் வாசல்ல நீட்டின கை. எது பெருசுன்னு நீயே சொல்லு."

தங்கராஜ் நூலோடு நின்றார். உத்தமன் பம்பையில் ஒரு தட்டுத் தட்டினார். "நைனா, காப்புக்கு நீட்டின கையைச் சும்மா திருப்பக் கூடாது. நம்ம ஊர்ல அப்டி நடந்ததே இல்ல. கட்டு, இல்லாட்டி நான் பம்பையை மூட்டை கட்றேன்."

"கட்டுப்பா!" என்றார்கள் பெண்கள் பின்னாலிருந்து. ஒரு குரல் இல்லை, தெருவே சொன்னது.

தங்கராஜ் கட்டினார். கோபத்தில் முடிச்சை எவ்வளவு இறுக்கினார் என்றால், திருவிழா முடிகிறவரை அவள் மணிக்கட்டில் தடம் இருந்தது.  கரகம் தலையில் ஏறியது. அந்த வருஷம் அவள் ஆடிய ஆட்டத்தில் பாதி அம்மன், பாதி ஆத்திரம் என்று பரந்தாமன் இன்றும் சொல்வான்.

ஜெயப்பிரியா இப்போதும் கள்ளிக்குப்பத்தில்தான் இருக்கிறாள். மண்ணூர்பேட்டையில் அதே வேலை. ஆடியில் கரகம் அவளுடையது. படம் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது; அந்தக் கையும் கத்தரிக்கோலும் அதில் அப்படியே இருக்கின்றன. தினேஷின் எண்ணை அவள் அழிக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடிக்கடி அவரைக் கூப்பிடுகிறாள். அவர் போனை எடுத்தால் ஒரே வார்த்தைதான் கேட்கிறாள்: "எடுத்துட்டியா?"